‘செல்ல வேண்டாம்’ என்று எழுதக் கற்றுக்கொண்டது

வடிவமைப்புப் படிப்பின் நான்காம் பருவத்தில் சுவரொட்டிப் பாடத்துக்கு வகுப்பிலேயே இரண்டாவது அதிக மதிப்பெண் எனக்குக் கிடைத்தது. அந்தச் சுவரொட்டியை அட்டைக்குழாயில் சுருட்டி, மதுரையிலிருந்து பாம்பன் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, வீட்டு முன்கூடத்தில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முற்றத்தில் பாசியைக் காயப்போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்த அம்மா, அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்: “கடலுக்குச் சலெல வணேடாம்.” நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “படம் நல்லாத்தான் இருக்கு. இது எந்த ஊருத் தமிழு?” என்று கேட்டார்.

நான் எழுதியது ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பதுதான். ‘செல்ல’ என்ற சொல்லில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதைத் தாண்டிப் போய் லகரத்தின் தோளில் சாய்ந்திருந்தது. ‘வேண்டாம்’ என்ற சொல்லில் வகரத்தை விட்டு விலகிய இரட்டைக்கொம்பு ணகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அந்தக் கோப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியவில்லை; மதிப்பிட வந்த மூவருக்கும் தெரியவில்லை. இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. வேலையின் நடுவில் ‘லு’, ‘கு’ இரண்டிலும் உகரக்குறி தனியே பிரிந்து நின்றதை நான் கவனித்திருந்தேன். எழுத்துருவின் குறை என்று முடிவுகட்டி, எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி, உகரத்தைக் கையாலேயே இழுத்து ஒட்டவைத்து, ஒட்டிய இடம் தெரியாதபடி ஒரு மணிநேரம் மெருகேற்றினேன். வடிவம் கெட்டது கண்ணில் பட்டது. வரிசை கெட்டது படவில்லை. ஏனென்றால் நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஒருமுறைகூட வாசிக்கவில்லை.

காரணம் எளிதுதான், தெரிந்துகொண்ட பிறகு. கணினிகளுக்கெல்லாம் பொதுவான யூனிக்கோடு முறையில் தமிழ் எழுத்து ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் மெய், அதற்குப் பின்னால் உயிர்க்குறி. ‘செ’ என்று நாம் தட்டும்போது கணினிக்குள் சகரம் முன்னாலும் கொம்பு பின்னாலும் இருக்கின்றன. திரையில் காட்டும் வேளையில் கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்தமைப்பு நிரலின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் நிறுத்த வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின், ஆங்கிலத்துக்கென்று அமைந்த நிறுவலில் இந்த வேலை தானாக நடப்பதில்லை. பத்திக்குரிய பலகத்தில் ‘வேர்ல்டு ரெடி’ என்ற தேர்வை நாமே போய்ச் சொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்பில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டி பிளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் பையனுக்கு இந்தத் தவறு ஒருநாளும் நேராது. அவன் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறான். அதில் கொம்பு ஒரு தனி எழுத்து, முதலில் கொம்பைத் தட்டிவிட்டுத்தான் மெய்யைத் தட்ட வேண்டும். பழைய தட்டச்சுப்பொறியின் பழக்கம் அது. ‘பழசு’ என்று நாங்கள் சிரித்த முறையில் அவன் தன் கையால் கொம்பை அதன் இடத்தில் வைக்கிறான்.

மதிப்பீட்டு நாளன்று நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் குறைபட்டுக்கொள்ள வேண்டும். அலையின் வளைவுக்கும் எழுத்தின் வளைவுக்கும் உள்ள உறவைப் பாராட்டினார்கள். வெற்றிடத்தைத் துணிந்து விட்டிருப்பதாகச் சொன்னார்கள். தமிழை இப்படி ‘ஒரு கூறாக’ப் பயன்படுத்தியிருப்பது மண்ணின் மணத்தைத் தருகிறது என்றார் ஒருவர். மூவரில் இருவருக்குத் தமிழ் தாய்மொழி. அதே சுவரில் மாட்டியிருந்த ஆங்கிலச் சுவரொட்டியொன்றில் ஒரு சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததை அரை நிமிடத்தில் கண்டுபிடித்து மதிப்பெண் குறைத்தவர்களும் அவர்கள்தான். ஆங்கிலம் வாசிப்பதற்கு, தமிழ் பார்ப்பதற்கு என்று ஒரு பிரிவினை அந்த அறைக்குள் எப்படியோ நிலைபெற்றுவிட்டது. சேலைக் கரையில் வரும் அன்னத்தை யாரும் எந்தப் பறவை என்று கேட்காததைப் போல, சுவரொட்டியில் வரும் தமிழை யாரும் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அந்தப் பிரிவினைக்கு நானும் உடந்தை என்பதால், அவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு வாயில்லை.

சுவரொட்டியின் பொருளையாவது நான் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். பொதுமக்களுக்கான ஓர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். என் ஊர் பாம்பன் என்றதும் வகுப்பில் எல்லோரும் பாலத்தைத்தான் வரையச் சொல்வார்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் படமும், 2025-இல் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே போகும் படமும் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. எனக்கு அந்தப் பாலத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் அது மற்றவர்கள் எங்கள் ஊருக்கு வரும் வழி. எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் நிமிர்ந்து பார்க்கும் பொருள் வேறு. ‘பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தி வரியைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அந்தக் கூண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும் தொங்கும். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும் எரியும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். இவற்றில் எந்த எண் என்பதைக் கொண்டு, புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கமா, அல்லது நேரே மேலேயா என்பதையும் அறியலாம். 11 என்றால் வானிலை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இரண்டே வடிவங்கள், இரண்டே நிறங்கள், பதினொரு செய்திகள். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்கு மங்கலான வெளிச்சத்திலும் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த நோக்கமும் இல்லாத வடிவமைப்பு அது. ‘தெளிவு’ என்ற தலைப்பில் நாங்கள் பார்த்த சுவிட்சர்லாந்துச் சுவரொட்டிகள் எதற்கும் அது குறைந்ததில்லை.

என் அப்பத்தா 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் இருந்தவர். 22-ஆம் தேதி இரவைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார்; கூண்டு ஏறியிருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் வாசலுக்கு வந்து எத்தனாம் நம்பர் என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சுவரொட்டியாக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. கூம்புகளையும் உருளைகளையும் பின்னணியில் அடுக்கி, வானிலை அறிக்கைகளில் வழக்கமாக வரும் வாசகத்தை முன்னால் வைத்தேன்.

அம்மா வாசித்துக் காட்டிய அன்று மாலையே கோப்பைத் திறந்து கொம்புகளை இடம் மாற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்; முடியவில்லை.

நான் ஊருக்கு வந்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த இரண்டு மாதத்தில்தான் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், விரிசல் அடைப்பதும், வர்ணம் பூசுவதும் நடக்கும். படகில் பெயர் எழுதுகிறவர் எனக்கு அம்மா வழியில் மாமா முறை. பருவத்தேர்வுக்குப் பின் சமர்ப்பிக்க வேண்டிய எழுத்துவடிவ ஆவணப் பாடத்துக்காக அவரோடு பதினெட்டு நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். விடியற்காலை என்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் கச்சான் காற்று ஏறிவிட்டால் மணல் பறந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு அந்த எழுத்து உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நின்றுவிடும்.

அவர் ‘அந்தோணியார் துணை’ என்று எழுதிய காலையை முழுவதும் குறித்து வைத்திருக்கிறேன். முந்தின நாளே பலகையை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் நீல எனாமல் இரண்டு கை கொடுத்துக் காய விட்டிருந்தார். சுண்ணாம்புப் பொடியில் தோய்த்த நூலை நானும் அவரும் இரண்டு முனையிலும் பிடித்துக்கொள்ள, நடுவில் அவர் இழுத்து விட்டதும் பலகையில் வெள்ளைக் கோடு விழுந்தது; மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு சாக்பீஸால் முதலில் ‘அ’ போட்டார். அடுத்து ‘ந்’ போடுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து பலகையின் மறுகோடிக்குப் போய் ‘ணை’ போட்டார். முதலையும் கடைசியையும் நட்டுவிட்ட பிறகே நடுவில் சாண் வைத்து அளந்து மற்ற எழுத்துகளைப் பங்கிட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன். “முன்னாடி தாராளமா எழுதிட்டுப் போயி, கடைசியில எடம் இல்லாம ‘துணை’ய நசுக்கினா நல்லாவா இருக்கும் மருமகளே? சாமி பேரு பெருசா இருந்து, துணை சின்னதா இருந்தா அப்புறம் என்ன துணை?” என்றார். இந்தக் கரையில் எந்தச் சாமியின் பெயர் முன்னால் நின்றாலும் பின்னால் ‘துணை’ வருவது பெருவழக்கு, ஆகவே அவர் கைக்கு மிகவும் பழகிய எழுத்து ‘ணை’. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் துதிக்கையைத் தூக்கிய பழைய ‘ணை’யைத்தான் கடைசிவரை எழுதினாராம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும் படகுகளில் அந்தத் துதிக்கை பல காலம் நீடித்தது என்று சிரித்தார்.

பெயரில் ‘யார்’ என்ற பகுதி வந்தபோது தூரிகையை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு பாடம் நடத்தினார். யகரம், பக்கத்தில் கால், அதற்குப் பக்கத்தில் ரகரம். காலும் ரகரமும் அண்ணன் தம்பி. ரகரத்தின் அடியில் சாய்வாக இழுக்கும் கோடு ஒன்றுதான் வித்தியாசம். அலையில் ஆடும் படகில், தூரத்தில், அந்தக் கோடு மெலிந்திருந்தால் இரண்டு கால் அடுத்தடுத்து நிற்கிற மாதிரித் தெரியும். ஆகவே அவர் ரகரத்தின் அடிக்கோட்டை நூலடித்த வரைகோட்டுக்குக் கீழேயும் ஒரு விரற்கடை இறக்கி, கோடரி வெட்டியது போலப் பட்டையாக இழுத்தார். நான் எழுத்துருக்களில் பார்த்த எந்த ரகரத்துக்கும் அப்படி ஒரு வால் கிடையாது. அருகில் நின்று பார்க்க அது அழகாகவும் இல்லை. ஆனால் அவர் என்னைக் கரையில் முப்பது தப்படி பின்னால் போய் நிற்கச் சொல்லிக் காட்டியபோது, அந்த வால்தான் சொல்லைத் தூக்கி நிறுத்தியது. படகின் முன்பக்கமான அணியத்துக்குப் போகப் போகப் பலகை உள்வாங்கி வளைவதால், அந்தப் பக்கத்து எழுத்துகளை மற்றவற்றைவிட அகலமாக எழுதியிருக்கிறார் என்பதும் அங்கிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பக்கத்தில் கோணலாகத் தெரிந்த பெயர் தூரத்தில் நூல் பிடித்தாற்போல நின்றது.

பெயருக்குச் சற்றுத் தள்ளி, அதே படகில், ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் பதிவெண்ணும் உண்டு. அதை அவர் தகர அச்சு வைத்து, வெள்ளைப் பட்டையில் கறுப்பில், ஏற்ற இறக்கம் இல்லாமல் அடிக்கிறார். “இது ஆபீசருக்கு, அது வீட்டுக்காரங்களுக்கு” என்றார். கடலோரக் காவல்படை தொலைநோக்கியில் பார்ப்பதற்கு ஓர் எழுத்து. கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அம்மாக்களுக்கு இன்னோர் எழுத்து. வாசகர் யார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்ற கேள்வி எங்கள் பாடத்திட்டத்திலும் முதல் வாரமே வருகிறது. நாங்கள் அதற்கு ‘18 முதல் 30 வயது வரையிலான நகர்ப்புற இளைஞர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம்.

ஒருநாள் கொம்பு திருத்திய சுவரொட்டியை எடுத்துப் போய், படகின் பக்கவாட்டில் ஒட்டி, மாமாவை நாற்பது தப்படிக்கு அப்பால் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். “கடலுக்குச் செல்ல” என்று வாசித்துவிட்டு நின்றார். மேலே என்றேன். “அவ்வளவுதான் தெரியுது. அப்ப போகலாம்னுதானே சொல்லுது?” என்றார். வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரொட்டியில் ‘கடலுக்குச் செல்ல’ என்பதை மேலே, இடப்பக்கத்தில், மிகப் பெரிதாக வைத்திருந்தேன். ‘வேண்டாம்’ என்பது கீழே வலது மூலையில், அலையின் நுனியில், நான்கில் ஒரு பங்கு அளவில், சிவப்பில் இருந்தது. முதல் பருவத்திலிருந்தே நாங்கள் பயின்று வந்த படிநிலை இதுதான்: கண் முதலில் மேல் இடப்பக்கத்தில் விழும், முக்கியமானதை அங்கே பெரிதாக வை, பிறகு படிப்படியாகச் சிறிதாக்கு. ஆங்கிலத்தில் இது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த மொழியில் மறுப்பு வாக்கியத்தின் தலையில் வருகிறது; கூடாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எது கூடாது என்பதைச் சொல்கிறார்கள். தமிழில் தீர்ப்பு கடைசியில். வினை கடைசியில் வருகிறது, அந்த வினையின் வாலில் மறுப்பு வருகிறது. ‘செல்ல வேண்டும்’, ‘செல்ல வேண்டாம்’ என்ற இரண்டுக்கும் கடைசி அசை வரை வேறுபாடே இல்லை. ‘விளம்பரம் செய்யாதே’ என்று எழுதிய சுவரில் கடைசி இரண்டு எழுத்தை யாரோ சுரண்டிவிட, ‘விளம்பரம் செய்’ என்று அழைப்பு விடுத்துக்கொண்டிருக்கும் சுவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். சிறியதும் பெரியதுமாக எழுத்தை அடுக்கும் கலையை வேறொரு மொழியின் இலக்கணத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அதை வடிவமைப்பின் பொதுவிதி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன் என்பது அந்த மணலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கொம்பு தவறியது மென்பொருளின் பிழை. இது என் பிழை. மென்பொருள் எதுவும் இதைத் திருத்தித் தராது.

இதற்குப் பிறகு என் பழைய பாடக்குறிப்புகளை எடுத்துப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது இடறுகிறது. சிறு தலைப்புகளை முழுவதும் பெரிய எழுத்தில் இட்டு எழுத்திடைவெளியைக் கூட்டு என்று ஒரு குறிப்பு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. இடைவெளியைக் கூட்டினாலோ கொம்பும் காலும் தத்தம் மெய்யை விட்டு விலகி, ‘கோ’ என்பது மூன்று அநாதைகளாக நிற்கும். பத்தியின் இரு விளிம்பையும் சமன் செய் என்று இன்னொரு குறிப்பு. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக’ போன்ற ஒரு சொல் குறுகிய பத்தியில் வந்துவிட்டால் அதற்கு முந்தைய வரியில் யானை நுழையும் அளவு ஓட்டை விழுகிறது. வரி இடைவெளி நூற்றுக்கு நூற்றிருபது என்பது மூன்றாவது. மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழியும் வரும் எழுத்துக்கு அது மூச்சுமுட்டுகிறது. இவற்றைத் தவறு என்று நான் சொல்லவில்லை. அவை எந்த எழுத்துக்காகச் சொல்லப்பட்டனவோ அந்த எழுத்துக்குச் சரி.

வரலாற்றுப் பாடத்திலும் இதே கதைதான். கூட்டன்பர்கின் 42 வரி பைபிளில் தொடங்கி, 1919-இல் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி, 1957-இல் ஹெல்வெடிகா எழுத்துரு என்று எங்கள் குறிப்பேடு நேராக ஓடுகிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, 16 பக்கம். அதைத் தமிழாக்கிய போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்ததும் உழைத்ததும் எங்களுக்குத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறையில். முத்துக்குளித்துக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்த பரவர் மக்களை மனத்தில் வைத்தே அந்த நூல் செய்யப்பட்டது. அதாவது, தமிழ் அச்சின் முதல் வாசகர்கள் கடற்கரைக்காரர்கள். கீழக்கரையில் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு செழித்திருந்தது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்கள் இயற்றியவர். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். எழுத்துரு வடிவமைப்பு மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? என் விடுதியிலிருந்து எத்தனையோ கல் தொலைவிலுள்ள ஜெர்மானியப் பள்ளியின் கூரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய கீழக்கரையைப் பற்றி இந்த விடுமுறையில்தான் தெரிந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் ஒன்றுக்குக் கட்டமரான் என்று பெயர். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதைத்தான் என் இரண்டாவது சுவரொட்டிக்கு எடுத்துக்கொண்டேன், ரகரத்தின் வாலை மட்டும் மாமாவைக் கேட்டு நீட்டிக்கொண்டேன்.

கேட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஊர்ப்புறக் கடைப்பலகைகளையும் லாரிகளையும் படம் பிடித்து, அந்த எழுத்தை எழுத்துருவாக்கி, வட்டார அழகு என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் விற்பது எங்கள் துறையில் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எழுதியவர் பெயர் அதில் பெரும்பாலும் இருக்காது. அவருக்குப் போக வேண்டிய பங்கைப் பற்றிய பேச்சும் இருக்காது. நானும் முதல் வாரத்தில் அந்த ஆசையோடுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஒருநாள் மாமாவிடம் நேராகவே கேட்டேன், உங்கள் எழுத்தைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று. தூரிகையைத் தின்னரில் கழுவிக்கொண்டே சற்று நேரம் யோசித்தார். “எழுத்து என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா? ஏத்திக்க. ஆனா அதை வெச்சு ஸ்டிக்கர் வெட்டி விக்கிறவனுக்கு மட்டும் குடுத்துராத” என்றார். இயந்திரத்தில் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் எழுத்துகள் இரண்டு மூன்று ஆண்டுகளாக அவர் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டன. உப்புக்காற்றில் ஓரம் உரிந்து ஆடிக்கொண்டிருந்தாலும் அரை மணிநேரத்தில் வேலை முடிகிறது என்று படகுக்காரர்கள் அதற்குத் தாவுகிறார்கள். அவருக்குக் கொடுத்த வாக்கினால் என் எழுத்துரு முயற்சி பாதியில் நிற்கிறது: யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை எழுத்துருக் கோப்புக்குள் எழுதி வைக்க வழி இருக்கிறதா என்று உரிமங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு எழுத்து மட்டும் முடிந்திருக்கிறது. தினமும் ஓர் எழுத்து என்று குறிப்பேட்டில் வரைவதை நிறுத்தவில்லை; ழகரத்துக்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று, இன்னும் அது அவர் ழகரம் இல்லை.

இரண்டாவது சுவரொட்டியில் ‘கடலுக்குச் செல்ல’ என்ற இரண்டு சொல்லும் மேலே ஒரே வரியில் அடக்கமாக இருக்கின்றன. அதற்குக் கீழே, தாளின் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு, ‘வேண்டாம்’. மாமாவைப் போலவே முதலில் வகரத்தின் இரட்டைக்கொம்பையும் கடைசி மகரத்தையும் நட்டுவிட்டு, பிறகு நடுவை நிரப்பினேன். மகரத்தின் மேல் வரும் புள்ளியை விளக்கு மாதிரி வட்டமாக, சிவப்பில் வைத்தேன். தெற்குவாடியில் மீன் இறக்கும் கொட்டகைத் தூணில் ஒட்டி, இருபது, நாற்பது, அறுபது தப்படி என்று பின்னால் போய்ப் பார்த்தேன். அறுபதில் மேல்வரி கரைந்துவிடுகிறது. ‘வேண்டாம்’ மட்டும் நிற்கிறது. எதை வேண்டாம் என்கிறது என்று தெரியாவிட்டாலும் ஒருவர் நின்று யோசிப்பார், அது போதும். அப்பா மட்டும் ஒரு குறை சொன்னார்: ‘செல்ல வேண்டாம்’ என்று இங்கே யாரும் பேசுவதில்லை, மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு கொடுக்காத நாளில் ‘இன்னைக்கு டோக்கன் இல்லை’ என்பார்கள், அவ்வளவுதான் பேச்சு. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது சுவரொட்டிக்கு அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டாவதைத் திருத்திய வேலையாகக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தேன். முந்தையதைவிட நான்கு மதிப்பெண் குறைத்து, ‘கீழ்ப்பகுதி கனமாக உள்ளது, பார்வை மேலிருந்து இயல்பாக இறங்கவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன்; தமிழ் வாக்கியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

முதல் சுவரொட்டியை அம்மா சுவரிலிருந்து கழற்றிவிட்டார். நல்ல தடித்த தாள் என்பதால் தூக்கி எறிய மனமில்லாமல், நான்காக மடித்துக் கத்தரித்து, அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வருகிறார். மே மாதத்துக்கான தாள் சமையலறைக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது. தேதிகளும் லிட்டர்களும் சிறிய எழுத்தில் நெருக்கமாக ஓடி, கடைசி வரியில் கொஞ்சம் பெரிதாக ‘பாக்கி இல்லை’ என்று முடிகின்றன.